தூண்டில் தகரத்துக்குள் ஒரு ஃபஸ் பெடல்

எனக்கு அருவருப்பு அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்ல வசதியாக இருக்கும். தேநீர்க் கோப்பையின் விளிம்பில் மற்றவர் உதட்டுத் தடம் கண்டால் திரும்பக் கழுவாமல் குடிக்க மாட்டேன். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கைதுடைக்கிற லேஞ்சியை எடுப்பேன். ஈரம் காயாத துவாய், குழம்பு ஒட்டிய கரண்டி, பிறர் வாய் வைத்த போத்தல், எல்லாவற்றுக்கும் என் வயிறு ஒரு தரம் புரளும். இப்படிப்பட்ட நான் ஊர்காவற்றுறையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கிற வீட்டில் பெண் எடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் பிறந்தது புங்குடுதீவு மடத்துவெளியில். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சட்டி வேறு, மற்ற நாள் சட்டி வேறு. மீன் வாங்கினால் சமைக்கிற குசினிக்குள் வைத்து வெட்டமாட்டார்கள். வேலியோரம் போய் வெட்டிக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரலாம். என் அருவருப்பில் பாதி உடம்போடு வந்தது, பாதி ஊட்டி வளர்க்கப்பட்டது. எது எந்தப் பாதி என்று பிரிக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேலணையில் ரேடியோ, ரிவி, போன் திருத்துகிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவின் அம்ப், சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, பழுதாகி அதைக் கொண்டுவந்தவள்தான் பிறகு என் மனைவியானாள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் இந்தக் கலியாணம் பிடிக்கவில்லை. சீதன வீடு அவளுடையது என்பதால் நான்தான் அங்கே குடிபோனேன். தாய் தகப்பன் இல்லாத வீடு. அவளும், கலியாணம் கட்டாத அவளுடைய தமையனும் மட்டும். அந்தத் தமையன்தான் என் மச்சான்.

மச்சான் நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் அவர் மேல் வருகிற வெடுக்கு மணத்தையும், வலை இழுத்த கையோடு அப்படியே பாணைப் பிய்த்துத் தின்கிற பழக்கத்தையும் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

கலியாணம் முடிந்த மூன்றாம் வாரம் அவர் என்னைக் கடலுக்குக் கூப்பிட்டார்.

"ஒருக்கா வந்து பாருமன் மச்சான். கடல் உம்மைக் கடிக்காது."

போனேன். வெயில் ஏறிய நேரம், நாங்கள் இரண்டு பேரும் மட்டும். நங்கூரத்தை விடுகிறபோது ஒரு அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. கயிற்றுச் சுருள் ஒன்று அவருடைய இடதுகையில் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் விழுந்து இறுகியது. நங்கூரத்தின் பாரம் ஒரு பக்கம், வள்ளத்தின் இழுவை ஒரு பக்கம். அவர் கத்தவில்லை. "ஆ" என்று மூச்சுத்தான் விட்டார். கயிறு போய்விட்டது. அதோடு அந்த இரண்டு விரல்களும் அடிக்கணுவுக்கு மேலே போய்விட்டன.

"மச்சான், உந்தத் துணியாலை இறுக்கிக் கட்டிவிடும். கெதியா."

துணி என் காலடியிலேயே கிடந்தது. நான் கையைப் பார்த்தேன். பிறகு திரும்பி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். காலையில் தின்ற புட்டு முழுக்க வந்தது. எடுத்து முடிந்த பிறகும் நான் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் துணி கிழிகிற சத்தமும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தமும் கேட்டன. அவர் தானே கட்டினார். வலதுகையால் என்ஜினை இழுத்தார். தானே கரைக்கு ஓட்டி வந்தார். நான் அவ்வளவு நேரமும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கரையில் ஆட்கள் ஓடிவந்தபோது மச்சான் சொன்ன முதல் சொல் இது:

"மச்சான் இருந்தபடியாத் தப்பினன். அவர்தான் கட்டிவிட்டவர்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஊர் என் முதுகில் தட்டியது. புங்குடுதீவுப் பெடியன் பரவாயில்லை என்றார்கள். மனைவி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதிக அருவருப்பைத் தந்தது மீன் அல்ல. ஆனால் அதைச் சொல்லத் தைரியம் இல்லாததால் மீனையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

காயம் ஆறியது. மொட்டையாக, பளபளப்பாக, வெளுத்த தோலோடு இரண்டு குட்டை முளைகள். சாப்பிடும்போது அந்தக் கை மேசையில் இருந்தால் நான் கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அவர் அந்தக் கையால் எடுத்துத் தந்த பழத்தை ஏதாவது சாட்டுச் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிடுவேன். இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

மச்சான் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவர். பெருவிழாவுக்கு முதல் நாள் மாலை மாதா சுரூபத்தை ஊர் சுற்றி எடுத்துவந்து கடற்கரையில் வைப்பார்கள். ஒரு நீண்ட பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் நடுவே எல்லோரும் முழங்காலில் இருந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதிக்குப் பிறகு கிற்றார் மட்டும் தனியே தொடங்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அந்தத் துண்டை வாசித்தவர் அவர். விரல்கள் போன பிறகு கிற்றார் அலுமாரிக்கு மேலே ஏறியது. ஆறு தந்தியையும் அமத்திப் பிடிக்க அவரிடம் சுட்டுவிரலும் சின்னவிரலும் மட்டுமே மிச்சம். ஒருநாள் பின்னேரம் அதை இறக்கி இரண்டு தந்தியை மட்டும் பிடித்து மீட்டிப் பார்த்தார். கொசு இரைகிற மாதிரி இருந்தது. திரும்ப மேலே வைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஃபஸ் பெடல் ஞாபகம் வந்தது. கிற்றாருக்கும் அம்ப்புக்கும் நடுவே, காலடியில் வைத்து மிதிக்கிற சின்னப் பெட்டி அது. கிற்றாரின் மெல்லிய சத்தத்தை வாங்கி, அளவுக்கு மிஞ்சிப் பெருக்கி, தடித்த, கரகரத்த, நெடுநேரம் நிற்கிற சத்தமாக வெளியே துப்பும். அதில் ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தால் கூழ்தான் வரும். இரண்டு தந்திதான் அதற்குச் சரி. இரண்டு விரல் போதும். பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டு ட்ரான்சிஸ்ரர், நாலைந்து ரெசிஸ்ரர், கப்பாசிற்றர், ஒரு சதுரப் பற்றரி, மிதிக்கிற சுவிட்ச், வயர் செருக இரண்டு துளை. இவ்வளவுதான் சாமான்.

நான் அதைச் செய்ய முன்வந்தது அன்பால் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டாத ஒரு கட்டுக்குப் பதிலாக எதையாவது கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்த்தேன்.

முதல் பெட்டியை வெள்ளைப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியில் செய்தேன். புதிது, சுத்தமானது, மணமில்லாதது. மிதித்ததும் வீட்டு வயரிங்கின் இரைச்சல் எல்லாம் அம்ப்பில் கேட்டது. அதற்கு மேலே மெல்லியதாக ஒரு கீச்சு. இப்படிப்பட்ட சுற்றுக்குத் தகரப் பெட்டி வேண்டும், அந்தத் தகரமும் பற்றரியின் நெகற்றிவோடு சேர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் வெளி இரைச்சல் உள்ளே வராது. கடையில் ஆயிரம் அம்ப்பைத் திறந்த எனக்கு அது தெரியாததல்ல. சுத்தத்துக்கு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

"தகரம்தானே? பொறும்," என்று மச்சான் உள்ளே போய், தான் தூண்டில் முள்ளுப் போட்டு வைக்கிற தட்டைத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். முள்ளைக் கொட்டிவிட்டுத் தந்தார். இரை மீனின் செதிலும், காய்ந்த இரத்தமும், மூலைகளில் எதென்று தெரியாத ஒரு பசையும். அதைச் சோடாத்தூள், தேசிக்காய், சாம்பல் எல்லாம் போட்டு ஏழு தரம் தேய்த்தேன். எட்டாம் தரமும் மணந்தது. அந்த மணத்துக்குள் முகத்தை வைத்துத்தான் ஈயம் பற்றவைக்க வேண்டியிருந்தது. தகரம் சூடாகச் சூடாக இரை மீன் திரும்பச் செத்தது.

ஆனால் உள்ளே என் வேலை அழகாக இருந்தது. கடையில் மற்றவர் செய்த வயரிங்கைத் திறந்தால் எனக்குக் குமட்டும். குடல் சரிந்த மாதிரிக் கிடக்கும். என்னுடையது அப்படி அல்ல. உள்ளே வருகிற துளையையும் வெளியே போகிற துளையையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசையில் துளைத்தேன். இரண்டு வயரையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, மெழுகு நூலால் அரை அங்குலத்துக்கு ஒரு கட்டுப் போட்டு, தகரத்தின் ஓரமாக வளைத்துச் சுவிட்ச் வரை கொண்டுபோனேன். மூடுவதற்கு மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிதித்தோம். இரைச்சல் போய்விட்டது. கீச்சு போகவில்லை, முன்னையிலும் பெரிதாக வந்தது. வாசிக்கும்போது சத்தத்தோடு கலந்து சமாளிக்கும். தந்தியை விட்டு, சத்தத்தை ஓரளவு குறைத்தால் போதும், ஊசியால் காதைக் குத்துகிற மாதிரி ஒரே சீராய்க் கத்தும். கூட்டங்களில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதே சங்கதிதான். வெளியே போகிற பெருத்த சத்தத்தில் ஒரு துளி திருட்டுத்தனமாக உள்ளே வருகிற வாசலுக்குத் திரும்பிப் போகிறது. பெட்டி அதையும் பெருக்குகிறது. அதுவும் திரும்பிப் போகிறது. எந்த வழியால் போகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பற்றரிக்குக் குறுக்கே பெரிய கப்பாசிற்றர் ஒன்று போட்டேன், மாற்றமில்லை. ட்ரான்சிஸ்ரரின் இரண்டு காலுக்கு நடுவே மிகச் சின்னக் கப்பாசிற்றர் ஒன்று போட்டேன். கீச்சு கொஞ்சம் இறங்கியது, கூடவே கிற்றாரும் போர்வைக்குள்ளே இருந்து வாசிப்பது போல ஆனது. கழற்றி எறிந்தேன். வயரை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு அழகான வயர்.

தேவாலய மண்டபத்தில் முதல் ஒத்திகை. குழு பாடி, முழங்காலில் இருந்தது. அமைதி வந்தது. பெட்டி கத்தத் தொடங்கியது. பங்குத்தந்தை கண்ணை மூடியபடியே இருந்தார், நெற்றி மட்டும் சுருங்கியது. பாட்டு முடிந்த பிறகு அவர் மச்சானிடம் வந்தார்.

"வாசிப்பு நல்லா இருக்கு. உந்தச் சத்தம் ஏலாது. அடுத்த சனிக்கிழமை ஒத்திகையிலையும் கத்தினால், பெருவிழாவுக்குக் கிற்றார் வேண்டாம். கீபோட்டாலை சமாளிப்பம்."

மச்சான் "ஓம் ஃபாதர்" என்றார். ஒரு வருடம் அலுமாரிக்கு மேல் கிடந்த கிற்றாரை வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். இந்தச் சனிக்கிழமை போனால் அது திரும்ப இறங்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை கடையில் இருந்து வந்து தகரத்தைத் திறந்தேன். திறந்த கையோடு முற்றத்துக்கு ஓடினேன்.

அப்படி ஒரு நாற்றத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. உள்ளே எல்லாம் மஞ்சளாக, வழுவழுவென்று மினுங்கியது. ட்ரான்சிஸ்ரர், வயர், என் மெழுகு நூல், எல்லாவற்றின் மேலும் சுறா எண்ணெய். முந்தி மரவள்ளம் வைத்திருந்த காலத்தில் பலகைக்குப் பூசிய எண்ணெயாம். வள்ளம் போயும் போத்தல் போகவில்லை.

"உப்புக் காத்துக்குத் தகரம் துருவேறிக் கறள் பிடிக்குமெல்லோ," என்றார் மச்சான், கிணற்றடியில் இருந்து வந்து. முகத்தில் நல்ல காரியம் செய்த சந்தோஷம். "என்ஜினுக்கும் பூசிறனாங்கள்தானே. கறளாலைதான் கத்துதோ எண்டு நினைச்சன். எல்லா இடமும் பூசினனான், உந்த மூலை மட்டும் எட்டேல்லை." காட்டுவதற்காக அந்தக் கையைத் தகரத்துக்குள் விட்டார். எண்ணெய் பட்ட அந்த வெளுத்த முளைகள் என் சுற்றின் மேல் ஊர்ந்தன.

"கையை எடும்!" என்று கத்தினேன். "சீ! அரியண்டம்!"

எண்ணெயைத்தான் சொன்னேன் என்று நான் சாதித்திருக்கலாம். ஆனால் என் முகம் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மச்சான் கையை எடுத்தார். உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உமக்கு இந்தக் கையைக் கண்டால் அருவருப்பு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சான். வள்ளத்திலை நீர் சத்தி எடுத்ததையும் கண்டனான்தானே. கதிரையைத் திருப்பிறதையும் கண்டனான்." குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "அதுக்கென்ன. எனக்கே சில நேரம் அருவருப்பாய்த்தான் கிடக்கு. நீர் பெட்டியைத் திருத்தும். எனக்கு அந்தப் பாட்டு வேணும்."

என்னைப் பற்றித்தான் எனக்கு அருவருப்பு வந்தது. ஸ்பிரிற்றும் பழைய பல்தூரிகையும் எடுத்து, முற்றத்தில் குந்தி இருந்து எண்ணெயைக் கழுவினேன். எண்ணெயால்தான் கத்துகிறது என்று அதன் தலையில் பழியைப் போட எனக்கு ஆசை. ஆனால் அது எண்ணெய் பூச முதலே கத்தியது. கழுவிக் காயவைத்து, மூடாமல் மேசையில் வைத்து, கிற்றாரையும் அம்ப்பையும் செருகி மிதித்தோம். கத்தியது.

ஸ்பிரிற்றில் என் மெழுகு நூல் நெகிழ்ந்திருந்தது. சேர்த்துக் கட்டிய இரண்டு வயரும் கொஞ்சம் விலகித் தொய்ந்து கிடந்தன. பார்க்கப் பொறுக்கவில்லை. அது கத்திக்கொண்டிருக்க, நான் புது நூல் எடுத்துத் திரும்ப இறுக்கிக் கட்டப் போனேன். மச்சான் கிற்றாரை மடியில் வைத்து, வலதுகையைத் தந்திகளின் மேல் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உது ரண்டும் ஏன் இப்பிடி ஒட்டிக்கொண்டு கிடக்கு?" என்றார். கேட்டபடியே, இடதுகையின் அந்தக் குட்டை முளை ஒன்றை இரண்டு வயருக்கும் நடுவே விட்டார்.

சத்தம் நின்றது.

அவர் பயந்துபோய் எடுத்தார். கத்தியது. திரும்ப விட்டார். நின்றது. எடுத்தார், விட்டார், எடுத்தார், விட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"மச்சான், என்ரை விரலுக்கு உது பயப்பிடுது!"

நான் சிரிக்கவில்லை. காதெல்லாம் சூடாகியது. உள்ளே வருகிற மெல்லிய சத்தத்தையும் வெளியே போகிற பெருத்த சத்தத்தையும், பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்து, அரை அங்குலத்துக்கு ஒரு கட்டுப் போட்டு, சுவிட்ச் வரை கைகோத்து அனுப்பி வைத்திருந்தேன். திருடனுக்கு நானே வழி போட்டு, அதை அலங்கரித்தும் இருந்தேன். பயிலவந்த பெடியன் ஒருவன் என் கடையில் இதைச் செய்திருந்தால் மாட்டைத் திட்டுவது போலத் திட்டியிருப்பேன். சுத்தம் சுத்தமென்று செத்த என் கண்ணுக்கு, கண்ணெதிரே கிடந்த பிழை அழகாகத் தெரிந்திருக்கிறது.

"ஒருக்கால் எடும்," என்றேன். ஒரு ஈர்க்கை முறித்து அதே இடத்தில் விட்டேன். கீச்சு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் வயரை விலக்குவது மட்டும் போதாது. அவருடைய வலதுகை தந்தியில் இருந்தது. தந்தி பற்றரியின் நெகற்றிவோடு சேர்ந்தது. ஆகவே அவருடைய உடம்பே நடுவில் ஒரு சுவராக நின்று, தாண்டப் பார்த்ததைப் பிடித்து நிலத்துக்கு அனுப்பியிருக்கிறது. அந்த இடத்தில் விரலுக்குப் பதிலாக ஒரு தகரச் சுவர் வேண்டும்.

"திரும்ப விடும் மச்சான். எந்த இடத்திலை நல்லா நிக்குதெண்டு பாப்பம். அசையாமல் பிடியும்."

அவர் விட்டார். நான் பென்சிலோடு குனிந்தேன். விரலின் இரண்டு பக்கமும் கோடு போட வேண்டும். அதற்கு முகத்தை அந்தக் கைக்கு ஒரு சாண் கிட்டக் கொண்டுபோக வேண்டும். முளையை என் இரண்டு விரலால் பிடித்து, இடது பக்கம் தள்ளி, சரியான இடத்தில் நிறுத்தினேன். முதல் தரம் தொட்டேன். தோல் மெல்லியதாக, சூடாக இருந்தது. உள்ளே எலும்பின் முனை தட்டுப்பட்டது. வயிறு புரண்டது, பொய் சொல்லமாட்டேன். சுறா எண்ணெயும் மணந்தது. கோடு போட்டு முடியும் வரை நான் விடவில்லை.

அன்றைக்கும் வியாழனும் இருந்து எல்லாவற்றையும் பிரித்தேன். வெளியே போகிற துளையைத் தகரத்தின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினேன். உள்ளே வருகிற வயருக்கு, செப்பு வலை சுற்றிய மைக் வயரைப் போட்டேன். வலையின் ஒரு முனையை மட்டும் தகரத்தோடு சேர்த்தேன். எல்லா வயரையும் எவ்வளவு குட்டையாக வெட்ட ஏலுமோ அவ்வளவு குட்டையாக வெட்டினேன். நூல் ஒன்றும் கட்டவில்லை. கடைசியாக, பென்சில் கோட்டின் மேல், அந்த விரலின் அகலத்துக்கு ஒரு தகரத் துண்டை வெட்டி நிமிர்த்தி வைத்து, ஈயத்தால் அடியோடு பற்றவைத்தேன். திறந்து பார்த்தால் அசிங்கமாக இருந்தது. குறுக்கும் மறுக்கும் ஓடுகிற வயர், ஒரு பக்கம் கோணல், நடுவில் மொட்டைச் சுவர்.

மிதித்தோம். அமைதி. சத்தத்தைக் குறைத்தோம், கூட்டினோம், கிற்றாரைக் கழற்றினோம், செருகினோம். அம்ப்பில் மெல்லிய மூச்சு மட்டும் கேட்டது.

"இனிக் கறள் பிடிக்கப் போகுது," என்றார் மச்சான் தகரச் சுவரைக் காட்டி. உண்மைதான். வெட்டிய ஓரம் பூச்சில்லாமல் பச்சையாக இருந்தது, கடற்கரையில் ஒரு மாரிக்கு நிற்காது. நான் எழும்பிப் போய் அந்தப் போத்தலை எடுத்துவந்தேன். சுவருக்கு மட்டும், சுட்டுவிரலால் தொட்டுப் பூசினேன். மச்சான் என் முகத்தைப் பார்த்து, "மூச்சை விடும் மச்சான், செத்துப்போவீர்," என்றார்.

சனிக்கிழமை ஒத்திகையில் பங்குத்தந்தை நெற்றியைச் சுருக்கவில்லை. பெருவிழாவுக்கு முதல் நாள் மாலை, கடற்கரையில் சனம் முழங்காலில் இருந்தது. தென்மேற்கில் இருந்து வீசுகிற கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. அந்த அமைதி வந்தபோது நான் மச்சானையோ மாதாவையோ பார்க்கவில்லை. காலடியில் கிடந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. கரையில் தண்ணீர் அடிக்கிற சத்தமும், எங்கோ ஒரு குழந்தையின் இருமலும் மட்டும். பிறகு மச்சான் இரண்டு விரலால் இரண்டு தந்தியைப் பிடித்து முதல் சுரத்தை விட்டார். அது தடித்து, கரகரத்து, கடலுக்கு மேலே போய், நின்றது. பக்கத்தில் பாடகர் வரிசையில் என் மனைவி அழுதுகொண்டு பாடினாள். வாசித்து முடிந்ததும் சனம் திரும்பி என்னைத்தான் பார்த்தது. மச்சான் எல்லோருக்கும் என்னைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மச்சான்ரை வேலை. அண்டைக்கு உயிரைக் காப்பாத்தினவர், இண்டைக்குக் கிற்றாரையும் காப்பாத்தினார்."

திரும்ப முதுகில் தட்டினார்கள். எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் விருந்துச் சமையலுக்கு மனைவி குசினியில் பலகையைப் போட்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் வெளியே ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். வழமையாக அந்த வாசலைத் தாண்டமாட்டேன்.

"உமக்கு ஒண்டு சொல்ல வேணும்," என்றேன். "அண்டைக்கு வள்ளத்திலை உம்மடை அண்ணற்றை கையைக் கட்டினது நான் இல்லை."

அவள் நிமிரவில்லை. செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"கொண்ணர் சொன்னவரோ?"

"அண்ணை சொல்லுவாரே? ஆஸ்பத்திரியிலை அந்தத் துணியை அவிழ்த்துக் குடுத்தது நான். வலைக்காரன்ரை முடிச்சு. ஒரு தலைப்பு நூல் நூலாய்க் கிழிஞ்சு ஊறிப்போய்க் கிடந்தது. ஒத்தைக் கையாலை கட்டுறவை மற்றத் தலைப்பைப் பல்லாலைதான் இழுக்கிறவை." மீனைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்கு அந்த முடிச்சும் தெரியாது. உங்கடை வாயும் அண்டைக்கு வேறை வேலையாயெல்லோ இருந்தது. போட்டிருந்த சேட்டெல்லாம் புட்டு."

ஒரு வருடத்துக்கு மேல் அவள் அதைத் தெரிந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து அழுதபோதே தெரிந்திருக்கிறது. ஏன் இவ்வளவு நாளும் என்னிடம் அதைக் கேட்கவில்லை என்றேன்.

"எப்ப சொல்லுறியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். பிறகு கத்தியின் முனையால் பலகையில் கிடந்த அடுத்த மீனை என் பக்கம் தள்ளினாள். "சொல்லி முடிஞ்சுதெண்டால் உள்ளுக்கு வாங்கோ. உதின்ரை குடலை எடுங்கோ."

வாசலைத் தாண்டி உள்ளே போய், அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். மீன் குளிர்ந்து வழுக்கியது. வயிற்றைக் கீறி உள்ளே விரலை விட்டேன். அருவருப்பாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே எடுத்தேன்.